முன்வரிசைக் கதிரை

கோபத்தோடு எழுத உட்காராதே என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரிதான். ஆனால் கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் இந்தப் பத்தி இந்த ஆண்டு வராது. அதனால் உட்கார்ந்துவிட்டேன். எழுதப் போவதும் உட்காருவதைப் பற்றித்தான்.

போன சனிக்கிழமை, லண்டனின் தென்பக்கத்துச் சட்டனில் எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா. பாடசாலை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓர் ஆங்கில ஆரம்பப் பள்ளியைச் சனிக்கிழமைகளில் மட்டும் வாடகைக்கு எடுத்து, அங்கே எங்கள் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக் கொடுக்கிறோம். விழாவும் அதே பள்ளியின் மண்டபத்தில்தான்.

அங்கே இரண்டாம் வகுப்புக்கு ஆசிரியை சாந்தி அக்கா. சம்பளம் கிடையாது. மழையோ பனியோ, சனிக்கிழமை என்றால் வந்துவிடுவார். என் பிள்ளைகள் இருவருக்கும் அவர்தான் எழுதப் பழக்கினார். இன்றைக்கு அவர்கள் என்னோடு தமிழில் சண்டை பிடிக்கிறார்கள் என்றால், அந்தப் பாவமும் புண்ணியமும் அவருக்கே சேரும்.

இந்த ஆண்டோடு போதும் என்று அக்கா முடிவெடுத்திருந்தார். காரணம் இடுப்பு. தேய்ந்துபோன இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைத்திருக்கிறார்கள். ஒப்பரேஷன் முடிந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. ஊன்றுகோலோடு நடக்கலாம். ஆனால் பதிவான, உயரம் குறைந்த இருக்கையில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்துதான் இருக்க வேண்டும். எழும்பும்போது ஊன்றிக்கொள்ள இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். கவனிக்காமல் இருந்தால் புது மூட்டு நழுவிவிடக்கூடும் என்று ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சரி, வீட்டில் சும்மா படுத்திருந்தாரா? இல்லை. கட்டிலில் கிடந்தபடியே போனில் வீடியோ போட்டு, பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கினார்.

நாடகத்தையும் அவரே எழுதியிருந்தார். சட்டனில் குப்பை லொறி வரும் நாளில் நரியும் அணிலும் புறாவும் கூடி வழக்காடுகின்றன. பையைக் கிழித்தது யார், குற்றவாளி யார் என்பதுதான் வழக்கு. நரி வேஷம் ஏழு வயது அபிக்கு. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுகிற பிள்ளை. ஒரு வரியைப் பாடமாக்க அவளுக்கு ஒரு வாரம் போகும்.

நீங்களும் இப்படிப் பிள்ளைகளை மேடையில் ஏற்றியிருப்பீர்கள். வரி மறந்தால் என்ன செய்வது? சாந்தி அக்காவிடம் அதற்கு ஒரு வழி உண்டு. முன்வரிசையில் பிள்ளைகளின் கண்ணுக்கு நேரே உட்கார்ந்து, எல்லோருடைய வரியையும் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டே இருப்பார். மறந்த பிள்ளை அவர் வாயைப் பார்க்கும், பிடித்துக்கொள்ளும். இத்தனை ஆண்டுகளாக அவருடைய வகுப்புப் பிள்ளை ஒன்றுகூட மேடையில் அழுததில்லை. இந்த முறையும் வீடியோவில் அதையேதான் சொல்லியிருந்தார். "மறந்தால் பயப்பிடாதேங்கோ. என்ரை வாயைப் பாருங்கோ. நான் முன்னுக்கு இருப்பன்."

நான் முன்னுக்கு இருப்பன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் முன்பே செயலாளர் தயாபரனுக்கு நான் போன் செய்தேன். அக்காவின் நிலைமையைச் சொன்னேன். உயரமான, கைப்பிடியுள்ள கதிரை ஒன்று வேண்டும் என்றேன். தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு வார்த்தை... நீங்கள் நாற்காலி என்பதைத்தான் நாங்கள் கதிரை என்போம். முன்வரிசைக்குப் பள்ளி ஆசிரியர்களின் ஓய்வறையிலிருந்து நல்ல கதிரைகள் எடுக்கிறோம், கவலையை விடுங்கள் என்றார் தயாபரன். கவலையை விட்டேன். அங்கேதான் நான் பிழைவிட்டேன்.

அக்காவின் மகனுக்கு அன்று ஷிப்ட். அதனால் நான்தான் காரில் கூட்டிப் போனேன். மண்டபத்துக்குள் நுழைந்தால், பின்னால் வரிசை வரிசையாக ஆரம்பப் பள்ளிப் பிளாஸ்டிக் கதிரைகள். ஏழு வயதுப் பிள்ளைக்குச் செய்தவை. அதில் உட்கார்ந்தால் நமக்கு முழங்கால் நாடிக்கு வந்துவிடும். முன்னால் மட்டும் மெத்தை வைத்த, கைப்பிடியுள்ள, உயரமான எட்டுக் கதிரைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பேப்பர். பிரதம விருந்தினர். சிறப்பு விருந்தினர். அனுசரணையாளர். அனுசரணையாளர். அனுசரணையாளர்... விழாவுக்குக் காசு கொடுத்தவர்களைத்தான் அனுசரணையாளர் என்போம்.

ஆசிரியை என்று ஒரு பேப்பர்? தேடிப் பார்த்தேன். இல்லை.

ஓர் ஓரக் கதிரையில் அக்காவை மெதுவாக உட்கார வைத்தேன். ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்புகிறேன், தயாபரன் வந்து நிற்கிறார். முகமெல்லாம் பணிவு. "ரீச்சர், குறை நினையாதேங்கோ. இது மோர்ட்கேஜ் செய்யிற அண்ணைக்கு எண்டு வைச்சது. அவை வந்திடுவினம். நீங்கள் பின்னுக்கு ஒண்டில..."

என் வாய் திறக்குமுன் அக்கா எழும்பத் தொடங்கிவிட்டார். அதைப் பார்த்திருக்கிறீர்களா? இடுப்பில் வெட்டிய ஒருவர் கதிரையிலிருந்து எழும்புவதை? முதலில் முன்னுக்கு நகர வேண்டும். பிறகு வெட்டிய பக்கத்துக் காலை நீட்ட வேண்டும். பிறகு இரண்டு கையையும் ஊன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு... தயாபரன் கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாக, அது முடியும்வரை காத்து நின்றார்.

அவரை ஒரு பக்கமாக இழுத்துப் போய்க் கேட்டேன். நான் போனில் சொன்னது என்ன ஆயிற்று? அவருக்கு மறக்கவில்லை. பின்னால் ஏதாவது ஒழுங்கு செய்யலாம் என்று நினைத்திருந்தாராம். நேரம் கிடைக்கவில்லையாம். அனுசரணையாளர் கோபித்துக்கொண்டால் அடுத்த வருடம் மண்டபம் எடுப்பது எப்படி என்று என்னையே திருப்பிக் கேட்டார். "ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்குத்தானே அக்கா."

தயாபரன் கெட்ட மனிதர் இல்லை. அன்று காலை அந்தக் கதிரைகளையெல்லாம் தனி ஆளாகச் சுமந்தவர் அவர்தான். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். நல்லவர்கள் சேர்ந்து இப்படியொரு காரியத்தை ஒழுங்கு என்ற பெயரில் செய்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அக்கா போய்ச் சுவரோரம் நின்றார். விழா நான்கு மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. பிரதம விருந்தினர் லண்டனின் கிழக்கே பார்க்கிங் என்ற ஊரில் இன்னொரு விழாவில் இன்னொரு விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் வராமல் இங்கே விளக்கு ஏற்றலாமா? ஏற்றினால் எண்ணெய் எரியாதா? பிள்ளைகள் வேஷம் கட்டியபடி பசியோடு நின்றார்கள். பெற்றோர் குட்டிக் கதிரைகளில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். முன்வரிசைக் கதிரைகள் எட்டும் வெறுமனே இருந்தன. வீட்டுக்கடன் எடுத்துக் கொடுக்கிற அந்த மோர்ட்கேஜ் அண்ணை வரவேயில்லை.

வெறுமனே இருக்கும் கதிரைக்கு முன்னால், உட்கார இடமில்லாமல் ஒரு மனுஷி நிற்கிறார். மண்டபத்தில் இருநூறு பேர் இருந்திருப்போம். ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. பேப்பர் ஒட்டியிருக்கிறதே. அகதியாக வந்து, ஹோம் ஆபீஸ் வரிசையில் கால்கடுக்க நின்று, இந்த நாட்டில் உட்கார ஓர் இடம் பிடித்த கூட்டம் நாங்கள். உட்கார்ந்த உடனே செய்த முதல் வேலை, அடுத்தவர் உட்காராதபடி பேப்பர் ஒட்டியதுதான்.

ஒரு வழியாகப் பிரதம விருந்தினர் வந்தார். எல்லோரும் எழும்பிக் கைதட்டினோம். எதற்கு? பிந்தி வந்ததற்கு. விளக்கு, மாலை, பொன்னாடை, போட்டோ. பிறகு பேசினார். ஆசிரியர்கள்தான் இந்தச் சமூகத்தின் முதுகெலும்பு என்றார். பலத்த கைதட்டல். இடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பேசி முடித்ததும் டூட்டிங்கில் அடுத்த விழா இருப்பதாகக் கைகூப்பி விடைபெற்றார். அவர் தன் கதிரையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒரு தேத்தண்ணீர்கூடக் குடித்து முடிக்க முடியாது. அவர் பின்னாலேயே, பொன்னாடை வாங்கிய மற்றவர்களும் கழன்றார்கள். பிள்ளைகளின் நிகழ்ச்சி ஒன்றுகூடத் தொடங்கவில்லை.

மறுபடி எட்டுக் கதிரையும் காலி. நான் அக்காவிடம் ஓடினேன். இப்போது வந்து இருங்கோ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். "ஒருக்கா எழுப்பினது காணும். இன்னொருக்கா எழும்ப ஏலாது." குரலில் கோபம் இல்லை. அவருக்குச் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருந்தது. காலில் வலி தாங்க முடியாமல், மண்டபத்துக்கு வெளியே நடைபாதைக்குப் போய், அங்கிருந்த ஒரு மேசையில் பாதி சாய்ந்து நின்றார். கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொன்னார். பிள்ளைகளின் சத்தமாவது கேட்கட்டும் என்று.

நாடகம் தொடங்கியது. அணில் பேசியது. புறா பேசியது. சனம் சிரித்தது. நரி வந்தது, வால் கழன்று விழ அதைக் கையில் பிடித்துக்கொண்டே தன் வழக்கைச் சொன்னது. பிறகு நின்றது.

அபிக்கு வரி மறந்துவிட்டது.

அவள் அழவில்லை. ரீச்சர் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தாள். முன்வரிசையைப் பார்த்தாள். இடது பக்கத்திலிருந்து வலது பக்கம்வரை, ஒவ்வொரு கதிரையாகப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. திரும்பவும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள். மண்டபத்தில் சத்தமே இல்லை. எனக்கு அந்த எட்டுக் கதிரைகளையும் தூக்கி யன்னலுக்கு வெளியே எறிய வேண்டும் போலிருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். வாயசைப்பு இல்லை, நல்ல உரத்த குரல். "நான் களவெடுக்கேல்லை. நீங்கள் எறிஞ்சதைத்தான் எடுத்தன்."

இருநூறு தலையும் திரும்பியது. கதவில் சாந்தி அக்கா, இரண்டு ஊன்றுகோலில். உள்ளே எழுந்த அமைதியை வெளியிலிருந்தே கேட்டிருக்கிறார். எந்த இடத்தில், யாருடைய வரி என்று அவருக்குத் தெரியாதா? அபியின் முகம் மலர்ந்தது. அதே வரியை அவரைவிடச் சத்தமாகச் சொன்னாள். நாடகம் முடியும்வரை அக்கா கதவடியிலேயே நின்று எல்லோருடைய வரியையும் வாயசைத்தார். பிள்ளைகளும் சனத்தின் தலைக்கு மேலால் கதவைப் பார்த்தபடியே நடித்து முடித்தார்கள்.

கைதட்டல் ஓயுமுன், தயாபரன் முன்வரிசையிலிருந்து ஒரு கதிரையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சனத்துக்குள்ளால் வந்தார். வேர்த்து வழிந்தது. அக்காவுக்கு முன்னால் வைத்தார். அவசரத்தில் எடுத்ததில் அது பிரதம விருந்தினருடையது. பேப்பர் அப்படியே முதுகில் இருந்தது.

அக்கா அதைப் படித்தார். "தம்பி, உந்தப் பேப்பரைக் கழட்டிப்போட்டுத் தாரும். நான் விருந்தாளி இல்லை. எனக்கு இங்கை வேலை இருக்கு."

தயாபரன் பேப்பரைக் கிழித்தார். அக்கா உட்கார்ந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் கோபம் ஆறியிருக்கும். செவ்வாய்க்கிழமை அக்காவின் வீட்டில் சமையலுக்கு உதவியாக நின்றேன். அன்று பிசியோதெரபிஸ்ட் சபேலா வந்தாள். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், போர்த்துக்கலுக்கு மேலே இருக்கிற கலீசியாவிலிருந்து வந்து லண்டனில் வேலை செய்கிறவள். அக்காவின் காலைத் தொட்டுப் பார்த்ததுமே அவள் முகம் மாறியது. வீக்கம். ஒற்றை ஊன்றுகோலுக்கு மாறவிருந்த வாரத்தில், பழையபடி இரண்டு. படியேறும் பயிற்சி இப்போதைக்கு இல்லை. என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். நின்றேன் என்றார் அக்கா. எவ்வளவு நேரம்?

நடந்ததையெல்லாம் நான் பொரிந்து தள்ளினேன். பாதி ஆங்கிலம், பாதி அக்காவுக்குத் தமிழ். நடுவே, கதிரை, கதிரை என்று பலமுறை சொல்லியிருப்பேன் போலும். சபேலா கையை நிறுத்திவிட்டு, அந்தச் சொல்லை மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். அது தன் மொழிச் சொல் என்றாள்.

அவளுடைய கலீசிய மொழியில் கதிரைக்குப் பெயர் 'கதெய்ரா'. அக்கா உட்கார்ந்திருந்த கதிரையைத் தட்டிக் காட்டினாள். இடுப்பெலும்புக்கும் அதே பெயர்தானாம். அக்காவின் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். ஸ்பானிஷிலும் அந்தச் சொல் இருக்கிறது, 'கதேரா' என்று. அங்கே அதற்கு இன்றைக்கு இடுப்பு மட்டுமே பொருள். பழைய ஸ்பானிஷில் கதிரை என்ற பொருளும் இருந்திருக்கிறது, பிறகு அதற்கு வேறு சொல் வந்துவிட்டது. அவளுடைய அம்மா பள்ளியில் கலீசிய மொழி பேசினால் ஏச்சு விழுமாம். நாட்டுப்புறத்துப் பேச்சு, ஒழுங்காக ஸ்பானிஷ் பேசு என்பார்களாம். கதிரை என்ற பொருளை அந்த நாட்டுப்புறத்துப் பேச்சுத்தான் இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது.

எனக்கு ஒரு சென்னைத் தோழி இருக்கிறாள். நான் கதிரை என்று சொல்லும்போதெல்லாம் சிரிப்பாள். அது என்ன தமிழ் என்பாள். அன்று இரவு அகராதிகளைப் புரட்டினேன். கலீசிய மொழியும் போர்த்துக்கேய மொழியும் ஒரு காலத்தில் ஒரே மொழியாக இருந்தவை. போர்த்துக்கேயர் எங்கள் கரைக்கு வந்தபோது பீரங்கியோடு மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து எல்லாம் இறங்கின. கதிரையும் இறங்கியது. ஆண்டவர்கள் போய்விட்டார்கள், கதிரையில் நாங்கள் உட்கார்ந்துகொண்டோம்.

இன்னும் பின்னால் போனால் லத்தீனில் 'கதெட்ரா', அதற்கும் முன்னால் கிரேக்கம். கீழே அமர்வது என்பதுதான் வேர். ஆங்கிலத்துச் 'செயர்'கூட அதே வேரில் வந்ததுதான். பேராயர் உட்காரும் கதிரை இருக்கும் கோயில் என்பதால்தான் கதீட்ரல்.

இவ்வளவும் சுவாரசியம்தான். அடுத்த வரியைப் படித்ததும் மறுபடி எனக்கு இரத்தம் ஏறிவிட்டது. பழைய ரோமில் அந்தச் சொல் எந்தக் கதிரையைக் குறித்தது தெரியுமா? முதலில் பெண்கள் சாய்ந்து உட்காரும் கதிரையை. பிறகு, ஆசிரியர் உட்கார்ந்து பாடம் சொல்லும் கதிரையை. ஸ்பானிஷில் இன்றைக்கும் பேராசிரியர் பதவிக்கு அந்த லத்தீன் சொல்லின் வடிவம்தான், 'காதெத்ரா' என்று, வழங்குகிறது.

அனுசரணையாளர் உட்காரும் கதிரை என்று ஓர் அகராதியிலும் இல்லை. நன்றாகத் தேடிவிட்டேன்.

மறுநாள் சபேலாவுக்கு இதைப் போனில் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த விழாவில் உங்கள் அக்காவுக்கு யார் கதிரை எடுத்து வைப்பார்கள் என்று மட்டும் கேட்டாள். சொல்லின் வேர் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவளுக்கு இடுப்பு பெரிதாகத் தெரிந்தது. அவள் கேட்டதுதான் சரியான கேள்வி.

நேற்றுத் தயாபரன் எனக்குப் போன் எடுத்தார். நான் எழுதப் போகிறேன் என்று எப்படியோ காதில் விழுந்திருக்கிறது. பாடசாலைக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று வருந்தினார். "அக்கா, இதை எழுதிப்போடாதேங்கோ." அக்காவின் கால் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். போனை வைக்கும்வரை கேட்கவில்லை. அதுவரை எழுதுவதா விடுவதா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது.

சாந்தி அக்காவோ ஓய்வு பெறும் யோசனையைக் கைவிட்டுவிட்டார். அபிக்கு இன்னும் 'ழ' வரவில்லையாம். அதை முடிக்காமல் போக ஏலாதாம்.

ஆகவே அடுத்த ஆண்டு விழாவுக்கு நான் முதல் ஆளாகப் போவேன். முன்வரிசை நடுக் கதிரையின் முதுகில் நானே பேப்பர் ஒட்டுவேன். 'ஆசிரியை' என்று, பெரிய எழுத்தில். அதன் பக்கத்திலேயே நிற்பேன்... யாராவது எழுப்ப வரட்டும், பார்க்கலாம்.